மதர்போர்டு போகவில்லை, தூசிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். இருபது நிமிடம் ஓடியதும் வேகம் குறைகிறது, அப்புறம் தானாக அணைந்துவிடுகிறது. வேறொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். பிரித்துப் பார்த்தேன். ஃபேன் முழுக்கத் தூசி. பிராசசர் (கணினியின் முக்கியச் சில்லு) மேல் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதை அவர்கள் பழுது என்று சொல்லிவிட்டார்கள். இன்றைய லேப்டாப் பிராசசர்கள் பலவும் 100 டிகிரியை நெருங்கினால் தாமே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைக்கும். அப்படியும் சூடு தணியாவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். 2000-ல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் தண்டர்பேர்ட் வகை அத்லான் பிராசசர்களில் இந்தக் காவல் கிடையாது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) கழன்றால் சில நொடிகளில் கருகிவிடும். அதே ஆண்டு வந்த இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துத் தப்பித்தது.

பழுது பார்க்கும் நண்பர்களே, விலை சொல்லும் முன் வெப்பநிலையைப் பாருங்கள். வாடிக்கையாளர்களும் "எத்தனை டிகிரி காட்டுகிறது?" என்று கேளுங்கள். அந்த மாணவியிடம் சுத்தம் செய்யவும் புதுப் பேஸ்ட்டுக்கும் 400 ரூபாய்தான் வாங்கினேன்.

– கணினி பழுதுபார்ப்பவர், விருதுநகர்