தெரிந்தவர் இல்லாத பட்டதாரியை யார் அறிமுகம் செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை தேடும் இளைஞர்கள் தங்களை ஒரு ‘பிராண்ட்’ ஆக வளர்த்துக்கொள்ள வேண்டும், லிங்க்ட்இன் போன்ற தளங்களில் தொடர்புகளைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி, அண்மையில் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கடலூர் சிப்காட் வளாகத்தில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கட்டுரை சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சொல்லாமல் விட்ட பகுதிதான் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முக்கியமானது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காலியிடம் என்றாலே விளம்பரத்தில்தான் தொடங்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒரு கெமிஸ்ட் வேறிடத்தில் வேலை கிடைத்து விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விலகல் கடிதம் எங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே, “உன்கூடப் படிச்சவங்க யாராவது சும்மா இருக்காங்களாப்பா?” என்று ஆய்வக மேலாளர் ஷிப்ட் கெமிஸ்டுகளிடம் கேட்டிருப்பார். மாலைக்குள் ஒன்றிரண்டு பயோடேட்டா வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அவற்றில் ஒன்று தேறிவிட்டால் விளம்பரம் என்ற பேச்சே எழாது. இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. அமிலமும் கரைப்பானும் கையாளும் இடத்தில், இரவு ஷிப்டுக்கு ஒழுங்காக வருவாரா, பாதுகாப்பு விதிகளை மதிப்பாரா என்ற கேள்விகளுக்கு மதிப்பெண் பட்டியலில் விடை கிடைக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரின் வாய்ச்சொல்லில் ஓரளவு கிடைக்கும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியிருந்த தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் விசாரித்து, 1973, 1974ஆம் ஆண்டுகளில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் தெரிந்தவர் மூலமாகவே வேலை பெற்றிருந்தனர் என்பது அதில் ஒரு செய்தி. அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி, அந்தத் ‘தெரிந்தவர்’ யார் என்பது. அவரை அடிக்கடி பார்த்துப் பழகியதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடுதான்; எப்போதாவது பார்த்ததாகச் சொன்னவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகவே பார்த்ததாகச் சொன்னவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். எட்ட இருப்பவர் வேறொரு வட்டத்தில் பழகுவதால், நம் காதுக்கு எட்டாத செய்தி அவருக்கு எட்டுகிறது என்று கிரானோவெட்டர் காரணம் சொன்னார்.

அரை நூற்றாண்டு கழித்து இதே கேள்வி மீண்டும் சோதிக்கப்பட்டது. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, லிங்க்ட்இன் தளத்தில் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று காட்டப்படும் பரிந்துரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, 2 கோடி பயனாளர்களிடம் 5 ஆண்டு காலத்தில் ஏற்பட்ட விளைவுகளைக் கணக்கிட்டது. மிக நெருங்கியவரும் இல்லாமல், முற்றிலும் தொடர்பற்றவரும் இல்லாமல், ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்களே வேலை மாறுவதற்கு மிகவும் உதவினர் என்று அது கண்டது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மெல்லிய தொடர்புகள் கணினிமயமான துறைகளிலேயே நன்கு பயன்பட்டன, அவ்வளவாகக் கணினிமயமாகாத துறைகளில் நெருங்கிய தொடர்புகள்தான் கைகொடுத்தன. தங்கள் கட்டுரையாளர் இந்த வேறுபாட்டைக் கருதியிருந்தால், எல்லாருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். சென்னையிலோ பெங்களூருவிலோ மென்பொருள் வேலை தேடுபவர் லிங்க்ட்இன் தளத்தில் மாலை நேரங்களைச் செலவிடுவதில் பொருள் இருக்கிறது. எங்கள் சிப்காட்டிலோ புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலோ வேலை தேடும் டிப்ளமோ இளைஞர், தம் பாலிடெக்னிக்கில் முன்பு படித்து இப்போது அங்கே ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கும் ஒரு சீனியரின் கைப்பேசி எண்ணைத் தேடிப் பிடிப்பது அதைவிடப் பலன் தரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சீனியர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நெய்வேலி நகரியத்தின் ஏதோ ஒரு வட்டத்தில் வளரும் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு பொறியாளரும் எதிர்வீட்டில் ஒரு கணக்கு அலுவலரும் இருப்பார்கள். எந்தப் படிப்புக்கு எந்த நிறுவனத்தில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்பது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே அந்தப் பிள்ளையின் காதில் விழுந்துவிடும். எங்கள் மாவட்டத்து மங்களூர் ஒன்றியத்தில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி வருகிற பிள்ளைக்கு, சம்பள வேலையில் இருக்கிற தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளப் பள்ளி ஆசிரியரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை. பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பகுதிகளில் ஒருவர் வளைகுடாவுக்குப் போனால் அடுத்த சில ஆண்டுகளில் அவர் கைபிடித்து நாலு பேர் போவது நாம் காலங்காலமாகப் பார்த்து வருவதுதான். அங்கே முதலாமவர் இருக்கிறார், அதனால் தொடர்பும் இருக்கிறது. முதலாமவரே இல்லாத ஊர்கள் என்ன செய்யும்? நம் சமூகத்தில் பழக்கவழக்கம் பெரும்பாலும் சாதி வட்டத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘உன் கூடப் படித்தவர்’ என்ற கேள்விக்கு ‘எங்கள் ஆள்’ என்ற பதில் வருவதை நான் பணியிடத்தில் கேட்டிருக்கிறேன். தொடர்புகளைப் பெருக்கிக்கொள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், ஏற்கெனவே தொடர்பு உள்ளவர்களுக்கே அந்த அறிவுரை பயன்படும்.

இனி, சுய பிராண்ட் பற்றி. ஒவ்வொருவரும் தம்மை ஒரு நிறுவனம் போல நிர்வகிக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் 1997இல் ஓர் அமெரிக்க வணிக இதழ்க் கட்டுரை மூலம் பரவியது. ஏற்கெனவே அலுவலகங்களில் வேலை பார்த்து, காட்டுவதற்குச் செய்த வேலைகள் கைவசம் இருந்தவர்களை நோக்கியே அது எழுதப்பட்டது. அதைப் புதிதாகப் பட்டம் வாங்கியவர் மீது ஏற்றும்போது, காட்டச் சரக்கு இல்லாத இடத்தில் அடைமொழிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு ‘புரொஃபைல்’ செய்து தருகிற மையங்களும் இதைத்தான் செய்கின்றன.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து அரசுக் கல்லூரியில் வேதியியல் முடித்த பெண் ஒருவர், தம் சுயவிவரத்தைப் பார்த்துத் தரும்படி என்னிடம் வந்தார். லிங்க்ட்இன் பக்கத்தில் அவருடைய பெயருக்குக் கீழே ‘டைனமிக், ஹார்ட்வொர்க்கிங், பேஷனேட் கெமிஸ்ட்ரி கிராஜுவேட்’ என்று இருந்தது. இந்த மூன்று அடைமொழிகளையும் எந்தப் பட்டதாரியின் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். கடைசி ஆண்டில் என்ன புராஜெக்ட் செய்தீர்கள் என்று கேட்டேன். தம் ஊரைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நீரை எடுத்துவந்து அதன் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகளின் அளவைச் சோதித்ததாகச் சொன்னார். எப்படி என்று மேலும் கேட்டபோது, அம்மோனியா பஃபர் சேர்த்து பி.எச். அளவை 10இல் நிறுத்தி, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியை இட்டு, இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு (இதுதான் டைட்ரேஷன் முறை), ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாறும் இடத்தில் நிறுத்திக் கணக்கிட்டதைத் தடுமாற்றமே இல்லாமல் விவரித்தார். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கப்படும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. “இதை ஏம்மா எங்கேயும் எழுதல?” என்று கேட்டதற்கு, “இது எல்லாரும் செய்யறதுதானே சார்” என்றார்.

எல்லாரும் செய்வதில்லை என்பது ஒருபுறம் இருக்க, செய்தவர்களும் எழுதுவதில்லை. லிங்க்ட்இன் தலைப்பு வரியில் 220 எழுத்துகளுக்கு இடம் உண்டு. ‘பி.எஸ்சி. வேதியியல், கிணற்று நீரின் கடினத்தன்மையை டைட்ரேஷன் முறையில் ஆய்வு செய்தவர், கடலூர், புதுச்சேரியில் ஷிப்ட் பணிக்குத் தயார்’ என்ற பொருளில் எளிய ஆங்கிலத்தில் அந்த வரியை மாற்றி எழுதினோம். ஓர் ஆய்வக மேலாளர் இதைப் பார்த்தால் அடுத்த கேள்வி கேட்பதற்கு அவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. இப்பெண்ணிடம் அதற்கு விடையும் இருக்கிறது. பிராண்ட் என்ற சொல்லை வைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு நான் கொடுக்கும் பொருள் இவ்வளவுதான்.

உதவி கேட்கும் விதத்தையும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ‘ஹாய் சார், எனி வேகன்சி?’ என்று முன்பின் அறியாதவருக்கு அனுப்பப்படும் செய்திக்குப் பதில் வராததில் வியப்பில்லை. பதில் எழுத வேண்டுமானால் அவர் எதிராளியின் படிப்பு, ஊர், விருப்பம் எல்லாவற்றையும் தாமே கேட்டறிய வேண்டும். தாம் எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, யார் சொல்லி எழுதுகிறோம், குறிப்பாக என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்பதை நான்கு வரிகளில் எழுதி, ஒரு பக்கச் சுயவிவரத்தை பி.டி.எஃப். ஆக இணைத்தால், முன்பின் தெரியாதவரும் பெரும்பாலும் பதில் போடுவார். மென்பொருள் நிறுவனங்களில் ‘ரெஃபரல்’ கேட்பதானால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள வேலை எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த எண் இல்லாமல் உள்ளிருப்பவரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. ரெஃபரல் என்பது நம்மூர்ச் சிபாரிசு அன்று. விண்ணப்பத்தை ஒரு மனிதர் எடுத்துப் பார்ப்பதற்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. தேர்வும் நேர்காணலும் வழக்கம்போலவே நடக்கும். பல நிறுவனங்கள் இப்படி ஆள் காட்டும் ஊழியருக்கு ஊக்கத்தொகையும் தருவதால், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் பணம் கேட்டால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். பொதுத்துறை நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி நிலம் விற்ற பணத்தைச் சுருட்டுகிறவர்களும், டெலிகிராமில் முன்பணம் கட்டச் சொல்கிறவர்களும் தொடர்பு இல்லாத குடும்பங்களைத்தான் குறிவைக்கிறார்கள். இணையவழியில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம் என்பதைத் தங்கள் நாளிதழ் வேலைவாய்ப்புச் செய்திகளோடு தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

காலியிடம் பற்றிய செய்தி சிலருடைய காதில் மட்டும் விழக் கூடாது என்பது இந்த நாடு முன்பே ஏற்றுக்கொண்ட கொள்கைதான். 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டம், 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது; அதன் மூலமே ஆள் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. சட்டத்தில் விதிவிலக்குகள் பல இருந்தன, நடைமுறையில் அது எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது பணியாளர் பிரிவில் இருந்த எங்களுக்குத் தெரியும். மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களும், தமிழக அரசின் கட்டணமில்லாத் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும் இன்று அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுசெய்கின்றன. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆயினும் ஒரு மாணவரை, அவர் போக விரும்பும் வேலையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து பேச வைப்பது இவை எதிலும் உறுதியாக நடப்பதில்லை.

அதைச் செய்யக்கூடிய இடம் கல்லூரி. அதற்குப் புதிதாக நிதி ஒதுக்க வேண்டியதும் இல்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர்களின் வேலைவாய்ப்பு விவரமும் முன்னாள் மாணவர் பங்களிப்பும் கேட்கப்படுவதால், யார் எங்கே வேலையில் சேர்ந்தார் என்ற பட்டியல் பல கல்லூரிகளில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு வந்து போனதும் அந்தக் கோப்பு இரும்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. முன்னாள் மாணவர் விழா என்றால், மேடையேறிப் பொன்னாடை பெறுபவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்த உயரதிகாரியாகவோ தொழிலதிபராகவோ இருக்கிறார். மாணவருக்குத் தேவைப்படுகிறவரோ மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, இப்போது ஷிப்டுக்குப் போய்வருபவர். தம் ஆய்வகத்தில் யார் விலகப் போகிறார் என்பது தெரிந்தவர்.

எனவே, கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவை, உரியவர்களின் சம்மதம் பெற்று அந்தப் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்து வேலைவாய்ப்புப் பிரிவில் வைக்க வேண்டும். கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் அதிலிருந்து இரண்டு பேரையாவது, ஒருவரேனும் தம் ஊரோ உறவோ அல்லாதவராக, ஆசிரியரே அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்கலாம். நேர்காணலுக்கும் சுயவிவரத்துக்கும் உதவ என்னைப் போல் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் கட்டணமின்றி வரத் தயாராக இருக்கிறோம். விருப்பமுள்ள கல்லூரி முதல்வர்கள் தங்கள் நாளிதழ் அலுவலகம் வழியாக எங்களைத் தொடர்புகொள்ள ஏற்பாடு செய்தால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பணியாளர் பிரிவு அலுவலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.