லார்ஸ் உல்ரிச்சுக்கு, 40 ரூபாய்க்காரன் எழுதுவது

அன்புள்ள லார்ஸ்,

முதலில் ஒரு வாக்குமூலம். 2000-இல் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, நீங்கள் டிரம்ஸ் வாசிக்கும் மெட்டாலிகா ராக் குழுவின் பாட்டை, ஆளுக்கு ஆள் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் என்ற இணையச் சேவையில் ஓசியில் இறக்கியவன் நான். முழு ஓசி என்றும் சொல்ல முடியாது, சென்டர்காரருக்கு மணிக்கு 40 ரூபாய் அழுதேன். ஒரு பாட்டு இறங்குவதற்குள் இரண்டு முறை லைன் கட்டாகும்.

அந்த வருஷம் மே மாதம்தான் நீங்கள் பெட்டி பெட்டியாகக் காகிதத்தோடு நாப்ஸ்டர் அலுவலகத்துக்குப் போனீர்கள். மெட்டாலிகா பாட்டுகளைப் பகிர்ந்த 3,35,000-க்கும் மேற்பட்ட பயனர் பெயர்கள், அவர்களைத் தடுக்கச் சொல்லி. என் பெயரும் இருக்குமோ என்று பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நீங்கள் இன்னும் முடிக்காத ஒரு பாட்டு நாப்ஸ்டரில் கசிந்து ரேடியோவில் ஓடியதால்தான் கிளம்பினீர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2020-இல் கொரோனா வந்து மேடைகள் மூடின. பாட்டுக்காரர்கள் நேரலைக்குக் குடிபெயர்ந்தார்கள். அதுவரை வீடியோ கேம் ஆடுகிறவர்களின் பேட்டையாக இருந்த ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில், லிங்கின் பார்க் குழுவின் மைக் ஷினோடா ரசிகர்கள் சொல்லச் சொல்ல மெட்டுப் போட்டார். நீங்களும் திங்கள்தோறும் ஒரு பழைய கச்சேரியை இணையத்தில் இலவசமாக ஓட விட்டீர்கள். பார்த்தேன், இந்த முறை திருடாமல்.

பிறகு 2021 பிப்ரவரி 19. பிளிஸார்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் பிளிஸ்கான் விழா இணையத்தில் நடக்கிறது, மெட்டாலிகா வாசிக்கிறது. ட்விட்ச் தன் கேமிங் சேனலில் உங்கள் ஒலியை எடுத்துவிட்டு, குழந்தைப் பொம்மைக்குச் சாவி கொடுத்த மாதிரி ஒரு டிங் டிங் இசையைப் போட்டது. திரையில் தலைகள் ஆடுகின்றன, காதில் தாலாட்டு! மற்ற இடங்களில் பாட்டு ஒழுங்காகத்தான் கேட்டது. ட்விட்சின் பயமும் புரிகிறது. முந்தைய வருஷம்தான் காப்புரிமைப் புகார்கள் குவிந்து, ஸ்ட்ரீமர்களின் பழைய வீடியோக்களை அழித்திருந்தார்கள்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பலர் கைகொட்டினார்கள். சரி, நானும் சிரித்தேன். ஆனால் 2000-இல் உங்கள் பாட்டை எடுத்த நாங்கள் உங்களைக் கேட்கவில்லை. 2021-இல் அதை அணைத்தவர்களும் உங்களைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. விதைத்ததில் எங்கள் பங்கும் இருக்கிறதே.

அந்த டிங் டிங் வீடியோவை நீங்கள் பார்த்தீர்களா? உங்கள் டிரம்ஸுக்கு அது தாளம் சேர்ந்ததா?

இப்படிக்கு,
பட்டியலில் இருந்தானோ இல்லையோ, ஒருவன்