வீட்டில் கிடக்கும் பழைய நாணயங்களை அடையாளம் காட்டத் தமிழறிந்த அலுவலர் வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பிறை, பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பினாங்கு மாநில அருங்காட்சியகம்,
ஜார்ஜ்டவுன்.

பொருள்: மாதம் ஒரு நாள் நாணயம் பார்க்கும் முகாம் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

என் அம்மா காலமான பிறகு, சாமி மேடைக்குக் கீழே ஒரு மைலோ டின்னில் பதினொரு வெள்ளிக் காசுகள் இருந்தன. செபராங் பிறை கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற கொள்ளுப்பாட்டி சேர்த்தவை என்று அம்மா சொல்வார். என் தம்பி அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்து, ஒரு கடையில் பத்தை எடைக்கு விற்றுவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை; அவனுக்குச் சொல்ல ஆளில்லை. மிஞ்சிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அது, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் முதலியவை சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் 1903ஆம் ஆண்டு ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயம்.

பம்பாய் அக்கசாலையில் (நாணயம் அடிக்கும் அரசுச் சாலையில்) அடித்த காசு அது. எடை 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. ஒருபக்கம் ஏழாம் எட்வர்ட் மன்னர். மறுபக்கத்தில் ஆங்கிலத்தோடு ஜாவியும் (மலாயை எழுதும் அரபு எழுத்து) சீனமும். வெள்ளி விலை ஏறி, உருக்கினால் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலை வந்ததால், 1907இல் அதையே 20.21 கிராமாகச் சிறுத்து அடித்தார்கள். 1903 காசில் உள்ள பம்பாயைக் குறிக்கும் 'பி' எழுத்து புடைத்திருக்கிறதா, குழிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சேகரிப்பவர்கள் விலை பேசுகிறார்கள். தராசுக்கு இதெல்லாம் தெரியாது. புளியில் தேய்த்த காசோ, எந்த எழுத்து இருந்தாலும் மதிப்பில் பாதாளத்துக்குப் போய்விடும். என்னுடையதும் தேய்த்ததுதான்.

தமிழ் தெரிந்தவரே வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. காரைக்கால், நாகூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அடித்த சிறு செப்புக் காசுகளில் ஊர்ப்பெயர் தமிழில்தான் இருக்கும். தேய்ந்த காசில் நாலெழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தால், தமிழ் படிக்கத் தெரியாதவர் அதைச் செல்லாக்காசு என்று ஒதுக்கிவிடுவார்.

ஆகவே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் தெரு அருகில் ஒரு மேசையும், ஒரு பூதக்கண்ணாடியும், கிராம் தராசும், தமிழும் மலாயும் பேசும் ஓர் அலுவலரும் போதும். காசு எது, எந்த ஆண்டு என்று சொல்லி, உரிமையாளர் சம்மதித்தால் படமெடுத்துப் பதிந்துகொள்ளலாம். அங்கே வாங்கல் விற்றல் கூடாது. அது இருந்தால் மக்கள் பயந்து வரமாட்டார்கள். காசைக் கழுவாதே, புளியோ எலுமிச்சையோ வைக்காதே, பச்சை பிடிக்கவைக்கும் பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதே, ஓரத்தைப் பிடித்தே எடு என்று தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை அடித்துக் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கொடுத்தால் இன்னும் நல்லது. அதை எழுதித்தர நான் தயார்; முதல் ஆறு மாதம் மேசையில் ஊதியமின்றி உட்காரவும் தயார்.

தைப்பூசத்துக்கு முன்பே ஒரு முகாமாவது தொடங்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அந்த நாளில் நாடெங்கிலுமிருந்து நம் மக்கள் பினாங்குக்கு வருகிறார்கள். தாங்கள் நேரம் கொடுத்தால் அந்த 1903 காசோடு நேரில் வந்து விளக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்