மொழிப் பரிமாற்றத்துக்கு அலாரம் அவசியம்

ஆசிரியருக்கு,

வெவ்வேறு நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் இணையவழியில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் மொழியை மற்றவர் பழகும் ஏற்பாடு மிக நல்லது. ஆனால் ஜோடி சேர்த்துவிட்டதோடு துறைகள் ஒதுங்கிக்கொள்வதால் பல ஜோடிகள் சில வாரங்களிலேயே கலைந்துவிடுகின்றன.

முதல் சிக்கல், பேச்சு இருவருக்கும் சுலபமான மொழிக்குச் சரிந்துவிடுவது. ஒரு மணி நேரச் சந்திப்பென்றால் ஒரு மொழிக்கு 30 நிமிடம், மற்றதற்கு 30 நிமிடம். கைப்பேசி அலாரம் அடித்ததும், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் மாறிவிட வேண்டும். கடுமையாகத் தோன்றலாம். இதில் தளர்ந்தால் கூச்சமுள்ளவரின் பங்குதான் முதலில் பறிபோகும். இரண்டாம் பாதியில் களைப்பு வரும் என்பதால், தொடங்கும் மொழியை வாராவாரம் மாற்றிக்கொள்வதே நியாயம்.

பிழைகளைப் பேச்சின் நடுவே திருத்தாமல் அரட்டைப் பெட்டியில் குறித்துவைத்து, ஒவ்வொரு பாதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் நாலைந்தை மட்டும் எடுத்துப் பேசலாம். எல்லாவற்றையும் திருத்தினால் வாயே திறக்காது. இலக்கணக் காரணங்களுக்கு ஆசிரியரிடம் போவதே மேல். எது இயல்பான வழக்கு என்பதைத்தான் தாய்மொழியாளர் உறுதியாகச் சொல்ல முடியும்.

கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, பின்னர் பழையபடி திருப்பும் கடிகார மாற்றமும் சந்திப்புகளைக் குலைக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். நேரத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் நாள்காட்டிச் செயலியில் அழைப்பாக அனுப்பினால், அந்தந்த ஊர் நேரத்தில் தானே காட்டும். தேர்வுத் தேதிகளை முதல் சந்திப்பிலேயே பரிமாறிக்கொள்ளவும் துறைகள் சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
மொழி ஆசிரியர்கள் சிலர்