அறுபது கிரெடிட் இருந்தும் மூன்றாம் ஆண்டு தள்ளிப்போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு உயிரியல் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்வது செலவைக் குறைக்கும் நல்ல வழிதான். ஆனால் '60 கிரெடிட் முடித்தால் பாதி டிகிரி கையில்' என்கிற ஏஜென்டுகள் பாதிதான் சொல்கிறார்கள். ஒரு பாடத்தை முடித்தால் கிடைக்கும் புள்ளியான கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்பது வேறு. அதை உயிரியல் மேஜருக்குரிய (முதன்மைப் பாடப்பிரிவுக்குரிய) பாடமாகக் கணக்கில் எடுப்பது வேறு. மேஜரில் சேராத கிரெடிட் விருப்பப்பாடக் கணக்கில் போய் முடங்கிவிடும்.

பலர் கோட்டை விடுவது உயிரியலில் அல்ல, வேதியியலில். பொது வேதியியல் 1, 2, அப்புறம் கரிம வேதியியல் 1, 2. ஒன்றில் தேறினால்தான் அடுத்தது, ஆக நான்கு செமஸ்டர். கணிதம் போதவில்லை என்று முதல் செமஸ்டரில் வேதியியலைத் தள்ளிப்போட்டால், கரிம வேதியியல் 2 மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடும். உயிர்வேதியியல் அதற்கும் பின்னால்தான். கோடை வகுப்பில் ஒன்றை முடித்தால் தப்பலாம். கரிம வேதியியலில் ஒரு பகுதியைக் கம்யூனிட்டி காலேஜிலும் மறுபகுதியைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பதும் வம்பு. பாடத்தை எங்கே வெட்டுவது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், செமஸ்டரிலிருந்து, ஆண்டை இன்னும் சிறு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக்குப் போனால் கேட்கவே வேண்டாம்.

உயிரியலிலும் ஒரு பொறி உண்டு. பிற துறையினருக்கான பொது உயிரியல் மேஜருக்குச் செல்லாது. லேபுடன் கூடிய, மேஜர் மாணவருக்கான இரண்டு செமஸ்டர் தொடரே வேண்டும். நர்சிங் மாணவர்கள் எடுக்கும் உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களும் பெரும்பாலும் விருப்பப்பாடமாகவே நிற்கும். 'அப்ளைடு சயன்ஸ்' என்று முடியும் பட்டம் வேலைக்கானது, மேற்படிப்புக்கு அதை நம்பிச் சேரக் கூடாது.

கலிபோர்னியாவில் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிடலாம். முதல் செமஸ்டருக்குப் பதிவதற்கு முன்பே பார்க்க வேண்டும். யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.8. உயிரியலுக்கு அது வாசற்படி மட்டுமே. இலையுதிர்காலச் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதாவது இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண் வருவதற்கு முன்பே.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான் கணக்கில் வரும். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் செவிஸ் பதிவை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவை) புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிட வேண்டும். விசா நிலைக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைச் சான்று புதிதாக அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் லேப் மணிநேரம் உட்பட பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். 'இது எங்கள் பாடத்துக்கு ஈடல்ல' என்று துறை சொன்னால், மறுபரிசீலனைக்கு முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்