பரணில் கிடைத்த நோட்டு

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தங்கையின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இங்கே வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் காலி செய்தபோது, பதினோராம் வகுப்பில் நாம் இருவரும் கணினி நிரல் எழுதிய நோட்டு கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாம் பள்ளியில் பழகிய பிபிசி மைக்ரோ கணினியை நீ போன கடிதத்தில் ‘அந்தக் காலத்துப் பொம்மை’ என்று எழுதியிருந்தாய். எனக்கு அது மனத்தில் தைத்தது. அதன் பிறப்பைக் கேள். 1981இல் பிரிட்டனின் ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி, தான் தயாரிக்கவிருந்த தொலைக்காட்சித் தொடரோடு சேர்த்து மக்கள் வாங்கிப் பழக ஒரு கணினியைத் தேடியது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம் அந்த வாய்ப்பைப் பிடிக்க முயன்றது. அதன் தலைவர்களில் ஒருவரான ஹெர்மன் ஹவுசர், ஒரு வாரத்தில் மாதிரி இயந்திரம் செய்ய முடியும் என்று வடிவமைப்பாளர் ஸ்டீவ் ஃபர்பர் ஒப்புக்கொண்டதாக, இன்னொரு வடிவமைப்பாளரான சோஃபி வில்சனிடம் சொன்னார். வில்சன் ஒப்புக்கொண்டதாக ஃபர்பரிடமும் சொன்னார். இருவரும் நம்பி இறங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலைவரை இயந்திரம் உயிர் பெறவில்லை. சோதனைக் கணினியோடு அதை இணைத்திருந்த ஒரு கம்பியை வெட்டிவிட்டதும் ஓடத் தொடங்கியது. பிபிசிக்காரர்கள் அன்றைக்கே வந்து பார்த்தார்கள். பன்னிரண்டாயிரம் விற்கும் என்று நினைத்த இயந்திரம் 15 லட்சத்துக்கு மேல் விற்றது.

நாம் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிய 1985 ஏப்ரலில், அதே ஃபர்பரும் வில்சனும் வடிவமைத்த ‘ஆர்ம்’ என்ற கணினிச் சில்லு முதன்முதலாக ஓடியது. இன்று உன் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் சில்லு அந்த வம்சம்தான். பொம்மை என்று எப்படிச் சொல்வாய்?

ஆனால் என் மனத்தில் நிற்பது அந்தப் பெருமைகூட இல்லை. பள்ளிகளில் கணினி கற்பிக்க மத்திய அரசு கொண்டுவந்த ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் பள்ளிக்கு வந்த இயந்திரத்தில் சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு கனத்த ஓசை, உடனே ஒரு மெல்லிய ஓசை. பிறகு இரண்டு மூன்று வரி எழுத்து, கீழே கண்சிமிட்டும் ஒரு கோடு. அவ்வளவுதான். நாம் ஏதாவது எழுதினால்தான் அது ஏதாவது செய்யும். வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்ததால், நோட்டில் எழுதி, மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே விசைப்பலகையில் கை வைப்போம்.

உன் பாம்பு விளையாட்டு நினைவிருக்கிறதா? பல வண்ணங்களில் வேண்டும் என்று பிடிவாதமாகத் திரையை, நிறைய வண்ணம் காட்டும் இரண்டாம் மோடுக்கு மாற்றினாய். இருந்த 32 கிலோபைட் நினைவகத்தில் 20 கிலோபைட்டைத் திரையே விழுங்கிவிட்டது. இயந்திரத்தின் சொந்தத் தேவை போக எட்டு கிலோபைட் சொச்சம்தான் நமக்கு. இடமில்லை என்று சொல்லும் ‘நோ ரூம்’ திரையில் வந்ததும் உன் முகம் சுருங்கிப்போனது. அன்று மாலை குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வரிவரியாகச் சுருக்கினோம். மாறிகளின் பெயரைக்கூட ஒற்றை எழுத்தாக்கினோம். அடுத்த வாரம் பாம்பு ஓடியது. ஒவ்வொரு பைட்டும் எங்கே போகிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு முப்பது வருடம் மென்பொருள் எழுதிப் பிழைத்த எனக்கு அந்தத் தெளிவு மறுபடி வாய்க்கவில்லை.

மகன் தன் மடிக்கணினியில், பழைய பிபிசி மைக்ரோவைப் போலவே இயங்கும் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். பாம்பு தன் வாலைத் தானே தொட்டதா என்று பார்க்கும் 240ஆம் வரி இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. அந்த வரியை நீதான் எழுதினாய். யோசித்துப் பார்த்து உடனே எழுது.

உன் அன்பு நண்பன்