வயல் நடுவே ஒரு வட்டம்

டிரலீ, கெர்ரி, அயர்லாந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நைட் டியூட்டி மாற்றி மாற்றிப் போட்டதில் உட்கார்ந்து எழுதவே முடியவில்லை, திட்டாதே. முட்டிவலி தேவலையா?

போன ஞாயிறு கூட வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி தன் அப்பாவின் பண்ணைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம். அதன் நடுவே வட்டமாக இடுப்புயர மண்கரை, வெளியே பாதி தூர்ந்த அகழி, கரைமேல் முள்மரங்கள். ‘ரிங்ஃபோர்ட்’ என்றாள். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொள்ளாதே. ஏதோ ஒரு குடியானவன் தன் வீட்டையும் தொழுவத்தையும் சுற்றி எழுப்பிய கரை, அவ்வளவுதான். பெரும்பாலும் 6-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவில் கட்டியவை. அயர்லாந்து முழுக்க சுமார் 45,000 இருக்கின்றனவாம். ரத்மைன்ஸ், லிஸ்மோர், கஹர்சிவீன் என்று ஊர்ப் பெயர்களிலேயே ராத், லிஸ், கஹர் என ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் இந்தக் கரைகள்தான்.

அப்போது இவர்களுக்குச் சொந்த நாணயம் கிடையாது. விலை, அபராதம், அந்தஸ்து எல்லாமே கறவை மாட்டுக் கணக்கு. மாடு என்றால் செல்வம் என்று நம் தமிழையா சொன்னது ஞாபகம் வந்தது. ஆநிரை கவர்வதும் இங்கே சகஜமாம், வெட்சித் திணையேதான்! இந்தக் கரை படையைத் தடுக்காது. ராத்திரி வரும் திருடனையும் ஓநாயையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும்.

வெறும் புல்மேடு என்று நினைத்துவிடாதே. ஆன்ட்ரிமில் டியர் பார்க் ஃபார்ம்ஸ் என்ற இடத்தை 1980-களில் தோண்டியபோது, ஈரமண்ணுக்குள் வீட்டுச் சுவர்களே மட்காமல் கிடைத்தன. வளார் பின்னிய இரட்டைத் தட்டி, குளிருக்கு நடுவில் புல்லும் பாசியும் திணித்தது. ஒரு வாசற்கால், கி.பி. 648-இல் வெட்டிய கருவாலி மரம்! மரவளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்கு அந்த வாசற்காலே நினைப்பாக இருந்தது.

இத்தனை நாள் இவற்றைக் காத்தது பயம். உள்ளே ‘நல்லவர்கள்’ (இங்கத்து மாயக் குட்டித் தேவதைகளை அப்படித்தான் சொல்வார்கள்) குடியிருக்கிறார்கள், கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று. நர்ஸின் அப்பா, அந்தப் பெரியவரிடம் “நீங்கள் நம்புகிறீர்களா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

புல்டோசர் வந்தபிறகு அந்தப் பயம் பலருக்கு விட்டுப்போயிற்று. பக்கத்து வயலிலும் ஒன்று இருந்ததாம். 1840-கள் காலத்து வரைபடத்தில் வட்டம் இருக்கிறது, தரையில் ஒன்றுமில்லை. 1994 சட்டப்படி, தொல்லிடம் என்று பதிவான இடத்தில் மண்வெட்டி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே அமைச்சருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 2012-இல் இதே கெர்ரியில் ஒன்றை அழித்தவருக்கு 25,000 யூரோ அபராதம் போட்டார்கள். போட்டு என்ன, கரை திரும்பி வரவா போகிறது? பெரியவர் மாதிரி ஆட்கள் சும்மா விட்டு வைத்திருப்பதால்தான் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பிறகு அந்த நிலம் யாருக்கு என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்த கோடையில் நீ வந்தால் கூட்டிப் போகிறேன். அகழி ஓரம் பயங்கரமாக வழுக்குகிறது, முதலில் முட்டியைக் கவனி.

உன்,
ரவி